டைல்ஸ் மேஸ்திரியின் கோல்ஃப் வர்ணனை

மேஸ்திரி தன் வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. கோல்ஃப் மைதானத்துக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். அதுவும் அங்கே உறுப்பினர்கள் குளிக்கிற அறையில் டைல்ஸ் பெயர்ந்துவிட்டது என்று கூப்பிட்டு அனுப்பியதால். பின்வாசல் வழியாகப் போனார், இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார், பின்வாசல் வழியாகவே திரும்பினார். ஜன்னல்களில் மங்கல் கண்ணாடி. புல்லைக்கூடப் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டாவது வயதில் கோல்ஃப் வர்ணனையாளர் ஆனார். கேட்க மூன்று பேர் இருந்தார்கள். எழுந்து போக முடியாத மூன்று பேர்.

அவருடைய தொழில் தரைக்கு டைல்ஸ் பதிப்பது. அதிலும் குளியலறை என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். குளியலறைத் தரை பார்வைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆனால் எந்த மூலையில் ஒரு குவளை தண்ணீரைக் கவிழ்த்தாலும் அது தானாக வடிகால் ஓட்டையைத் தேடிப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். மற்றவர்கள் வாட்டம் பார்க்க மட்டப்பலகை வைப்பார்கள். மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து உருட்டிவிடுவார். அது எங்கே தயங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே வேகம் எடுக்கிறது என்று கண்ணிமைக்காமல் பார்ப்பார். "இந்த ரெண்டு கல்லையும் எடு. ஒரு நூல் தூக்கலா இருக்கு" என்பார். எடுத்துப் பார்த்தால் ஒரு நூல் தூக்கலாகத்தான் இருக்கும்.

முப்பது வருஷம் குந்தி உட்கார்ந்தே வேலை செய்ததில் முட்டி இரண்டும் போயின. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை, மதியம் ஒன்று. பத்து வருஷம் இப்படி ஓடியது. மாத்திரை முட்டி வலியை மறக்க வைத்தது. சத்தம் காட்டாமல் சிறுநீரகங்களைத் தின்றது. ஒரு நாள் காலையில் முகம் வீங்கி, செருப்புக்குள் கால் நுழையாமல் போனபோதுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே வேலை செய்யல" என்றார். ஒன்றாவது கொஞ்சம் வேலை செய்யாதா என்று கேட்பதுபோல மேஸ்திரியின் மனைவி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று அந்த நிமிஷமே சொன்னாள். சோதித்துப் பார்த்துவிட்டு அவளுக்கே ரத்த அழுத்தம் இருக்கிறது, ஆகாது என்று விட்டார்கள். மேஸ்திரியின் அண்ணன், "நான் இருக்கேன்டா, நீ ஏன் கவலைப்படற?" என்று கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. அண்ணனைப் பற்றி மனைவி ஆரம்பித்தால் மேஸ்திரி, "விடு. பயம் எல்லாருக்கும்தான்" என்று முடித்துவிடுவார்.

ஆக, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. மதியம் ஒரு மணிக்குப் போய்ப் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் விடுவார்கள். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, இன்னொன்றின் வழியாக உள்ளே வரும். அந்த நான்கு மணி நேரமும் இடது கையை அசைக்கக் கூடாது.

அந்த அறையில் நான்கு சாய்வு நாற்காலிகள். ஜன்னலோரம் லாரிக்காரர். அடுத்தது மேஸ்திரி. மூன்றாவதில் டீச்சரம்மா, முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், தம்பி வீட்டில் இருந்தார். நான்காவதில் ஒருவர் வந்ததும் தலைவரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவார். அவருடைய முகத்தை ஒழுங்காகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. போர்வைக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு டிவி. அதற்கு ரிமோட் தொலைந்து வெகு நாளாகிறது. கடைசியாக யார் வைத்தார்களோ, ஒரு விளையாட்டுச் சேனலிலேயே நின்றுவிட்டது. சத்தமும் கிடையாது. "மெஷின் கத்தினா எனக்குக் கேட்கணும். உங்க டிவி கத்தினா எனக்கு எதுக்கு?" என்று சிஸ்டர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமைகளில் மோட்டார் பைக் பந்தயம் ஓடும். வியாழனும் சனியும் கோல்ஃப். மணிக்கணக்கில் கோல்ஃப். ஒரு ஆள் நடப்பார், நிற்பார், புல்லைப் பார்ப்பார், மறுபடியும் நடப்பார். லாரிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இவனுங்களுக்கு வேற வேலவெட்டி இல்லயா? ஒரு பந்து, ஒரு குழி. அத எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

மேஸ்திரி முதல் மாதம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஊசியைப் பார்க்காமல் இருப்பதற்காக டிவியைப் பார்த்தார், அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி, பாய் விரித்த மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர் அங்கே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையைப் பார்க்கிறார். பந்தை மெல்லத் தள்ளுகிறார். பந்து நேராகப் போகிற மாதிரி போய், கடைசியில் வளைகிறது. அட, இது வாட்டம் பார்க்கிற வேலை அல்லவா!

ஒரு வியாழக்கிழமை ஆட்டக்காரர் பந்தருகே நின்றபோது மேஸ்திரி தன்னை மறந்து சொல்லிவிட்டார்: "இடது பக்கம் வாட்டம் இருக்கு. ஒரு சாண் வலது பக்கம் தள்ளி அடிக்கணும். இவரு நேரா அடிக்கப் போறாரு. போகாது."

நேராக அடித்தார். போகவில்லை.

லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, எப்படிண்ணே?"

மூன்றாவது நாற்காலியிலிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது. "என்ன ஆச்சு? யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன். எனக்கு அங்க பச்சையா ஏதோ இருக்குன்னு மட்டும்தான் தெரியுது."

அதுவரை டீச்சரம்மாவுக்குக் கண் அவ்வளவு மங்கிவிட்டது யாருக்கும் தெரியாது. சர்க்கரை நோய் முதலில் கண்ணில் கை வைத்து, அப்புறம்தான் சிறுநீரகத்துக்கு வந்திருக்கிறது. மேஸ்திரி சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவர்தான்.

விதிகளை டீச்சரம்மாதான் கண்டுபிடித்தார். மேஸ்திரி திரையில் வரும் எண்களைப் படிக்கப் படிக்க, அவர் மனசுக்குள் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு அளவு உண்டு, அதற்கு பார் என்று பெயர். அதைவிடக் குறைத்து அடித்தவன் மேலே போவான், கூட்டி அடித்தவன் கீழே போவான். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் குழி. வியாழனிலிருந்து ஞாயிறு வரை நான்கு நாள். வெள்ளிக்கிழமை முடிவில் பாதிப் பேரைப் பெட்டியைக் கட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"கம்மியா இருந்தா நல்லது. நம்ம எடை மாதிரி" என்றார் டீச்சரம்மா.

அங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் எடைதான் பரீட்சை. சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீரெல்லாம் அப்படியே தங்கும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. அந்த இரண்டு கிலோவுக்கு பார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். லாரிக்காரர் எடைமெஷினில் ஏறும்போது, "இன்னிக்கு என்ன, ஒண்ணு கூடவா, ரெண்டு கூடவா?" என்று மேஸ்திரி கேட்பார். "மூணு கூடண்ணே. வெயில் தாங்கல, ஒரு பாட்டில் குடிச்சுட்டேன்" என்பார் லாரிக்காரர், திருடிய பிள்ளை மாதிரி. போர்வைக்காரர் மட்டும் எப்போதும் பாருக்குக் கீழே. தூக்கத்தில் தாகம் எடுக்காது போலிருக்கிறது.

அவர்களுக்கு ஒரு ஆட்டக்காரர் கிடைத்தார். ஆறரை அடி உயரம், உடம்பில் சதை என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நடந்து வருகிறபோது தொப்பி மட்டும் தனியாக மிதந்து வருகிற மாதிரி இருக்கும். லாரிக்காரர் பார்த்ததுமே "ஒட்டடைக்குச்சி" என்றார், அதுவே நிலைத்தது. பதினோரு வருஷமாக ஆடுகிறாராம். ஒரு கோப்பைகூட ஜெயித்ததில்லை. நான்கு தடவை இரண்டாம் இடம். சிஸ்டர் தன் போனில் பார்த்து இதையெல்லாம் படித்துச் சொன்னபோது, "அப்ப இவர்தான் நம்ம ஆள்" என்று டீச்சரம்மா முடிவு கட்டினார்.

மேஸ்திரியின் வர்ணனை வேறு யாருடைய வர்ணனை மாதிரியும் இருக்காது. "வர்றாரு நம்ம ஒட்டடைக்குச்சி. குழிய ஒரு சுத்து சுத்திப் பார்க்கறாரு. நல்லாப் பாருப்பா, அவசரமே இல்ல, நாங்க எங்கயும் போகப் போறதில்ல. உக்கார்ந்துட்டாரு. பாவம், அவருக்கும் முட்டி வலி இருக்கும் போல, கைய ஊனி எந்திரிக்கறாரு. தரை வடிகால் பக்கமா சரியுது. தள்ளிட்டாரு... மெதுவா... மெதுவா... இன்னும் ஒரு விரக்கடை... ஐயோ, நின்னுட்டுது. விளிம்புல நின்னுட்டுது டீச்சரம்மா. ஊதினா விழுந்துடும்."

"ஊதச் சொல்லுங்க" என்பார் டீச்சரம்மா.

மண்குழியில் பந்து மாட்டிக்கொண்டால் லாரிக்காரர் தானாக உள்ளே வருவார். சேற்றில் சக்கரம் புதைந்தால் எப்படி எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "ரேஸ் பண்ணாத, ரேஸ் பண்ணாத, இன்னும் உள்ளதான் போகும்" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். ஒட்டடைக்குச்சி வேகமாக ஓங்குவார். மண்தான் பறக்கும், பந்து அங்கேயே கிடக்கும். இங்கே மூன்று பேர் பல்லைக் கடிப்பார்கள். எவ்வளவு கத்தினாலும் அங்கே ஒரு எழுத்துகூடப் போய்ச் சேராது என்று தெரியும். தெரிந்தும் கத்தினார்கள்.

கத்தியும் ஒன்றும் ஆகாது என்பது மேஸ்திரிக்குப் புதிய விஷயம் இல்லை. மருத்துவமனை இல்லாத நாட்களில் பழைய கூட்டாளியின் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கப் போவார். குந்த முடியாது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். ஒரு தடவை மூன்றாவது மாடிக் குளியலறையில் வாசல் பக்கம் வாட்டம் திரும்பியிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

"நாலு கல்ல எடுத்துட்டுத் திருப்பிப் போடணும். இல்லன்னா தண்ணி படுக்கையறைக்குள்ள போகும்" என்றார்.

கூட்டாளி கையைப் பிசைந்தார். "நாளைக்கு வீட்டை ஒப்படைக்கணும் மேஸ்திரி. அடுத்த ஆள் கதவு மாட்ட வந்துட்டான். விடுங்க, யாரு பார்க்கப் போறா?"

பழைய மேஸ்திரியாக இருந்தால் உளியை எடுத்துத் தானே பெயர்த்திருப்பார். இப்போது இடது கையில் பாரம் தூக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த நான்கு கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரிலேயே சிமெண்ட் காய்ந்தது.

கோல்ஃபுக்கு வருவோம். அவர்களுக்கு வாய்த்தது வியாழனும் சனியும்தான். வெள்ளி யார் தப்பினார்கள் என்பது சனிக்கிழமை தெரியும். ஞாயிறு யார் ஜெயித்தார்கள் என்பது செவ்வாய்க்கிழமை சிஸ்டர் போனைப் பார்த்துச் சொல்லித் தெரியும். ஒரு வருஷத்தில் எத்தனையோ போட்டிகள் பார்த்தும் ஒன்றின் முடிவைக்கூட அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒட்டடைக்குச்சிக்கு என்ன வந்ததோ, அடித்ததெல்லாம் குழிக்குள் போனது. மேஸ்திரிக்குச் சொல்லி மாளவில்லை. சாயங்காலம் ஊசியை உருவும்போது ஒட்டடைக்குச்சி முதலிடத்தில் இருந்தார். அடுத்தவரை விட நான்கு அடி முன்னால். அந்த அடுத்தவர் தொப்பை வைத்த, சிரித்த முகமுள்ள ஆள்.

"நாலு அடி! இனிமே தூங்கிக்கிட்டே அடிச்சாலும் ஜெயிச்சுடுவான்" என்றார் லாரிக்காரர்.

டீச்சரம்மா ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மேஸ்திரி, நாளைக்கு எங்கயாவது பார்த்துச் சொல்ல முடியுமா? போன்ல சொன்னாப் போதும். நான் பக்கத்துலயே வெச்சுக்கறேன்" என்றார்.

அவர் அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஊசி மாற்றிக் குத்தும்போதுகூட, "பரவாயில்ல, பார்த்துப் போடும்மா" என்று சிஸ்டருக்கே தைரியம் சொல்கிறவர். மேஸ்திரியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

மேஸ்திரி வீட்டு டிவியில் அந்தச் சேனல் வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டையை மாற்றிக்கொண்டு, கடைத்தெருவில் டிவி விற்கிற கடைக்குப் போனார். கூடவே மனைவியும் வந்தாள். "தனியா நின்னு மயக்கம் போட்டு விழுந்தா யாரு பார்க்கறது?" என்றாள். டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்து என்ன அளவு பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மேஸ்திரிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கையைத் திருப்பி ஊசித் தழும்புகளைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். விற்பனையாளர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சுவரிலிருந்த பெரிய டிவியில் அந்தச் சேனலை வைத்து, ஒரு ஸ்டூலையும் கொண்டுவந்து போட்டார்.

மேஸ்திரி போனைக் காதில் வைத்தார். "டீச்சரம்மா, கேட்குதா?"

"கேட்குது, சொல்லுங்க."

ஐந்தாவது குழியில் ஒட்டடைக்குச்சி ஒரு அடி கூட்டினார். பரவாயில்லை, மூன்று அடி முன்னால். ஒன்பதாவதில் தொப்பைக்காரர் ஒன்றைக் குறைத்தார். இரண்டு அடி முன்னால். டீச்சரம்மா ஒவ்வொரு தடவையும் மெல்ல, "மூணு", "ரெண்டு" என்று மட்டும் சொன்னார். கடையில் இன்னொரு விற்பனையாளரும், மிக்சி வாங்க வந்த ஒரு தம்பதியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள்.

பன்னிரண்டாவது குழி சின்னது. ஒரே அடியில் பந்தைக் குழிப் பக்கம் கொண்டு போய்விடலாம். நடுவில் ஒரு குளம். ஒட்டடைக்குச்சி மட்டையை எடுத்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார். மேஸ்திரி ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தார். கை நிலைகொள்ளாத கொத்தன் கரண்டியை மாற்றி மாற்றி எடுப்பதை அவர் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்!

பந்து உயர எழும்பியது. இறங்கியது. குளத்தில் ஒரு வட்டம் விரிந்தது.

"என்ன ஆச்சு?"

மேஸ்திரியின் வாய் தானாகச் சொன்னது: "நல்லா விழுந்திருக்கு டீச்சரம்மா. குழிக்குப் பக்கத்துலயே."

அதே நேரத்தில் டை கட்டிய விற்பனையாளர், "அடச்சே! தண்ணிக்குள்ள போயிடுச்சே!" என்று கடை அதிரக் கத்தினார்.

மேஸ்திரிக்குக் காதெல்லாம் சூடானது.

"மேஸ்திரி" என்றார் டீச்சரம்மா. குரலில் கோபம் இல்லை. வகுப்பில் தப்பாகக் கூட்டியவனைக் கூப்பிடுகிற குரல். "எனக்குக் கண்ணுதான் போச்சு, கணக்குப் போகல. நீங்க ரெண்டு அடிய மறைச்சா, கடைசில எனக்கு ரெண்டு அடி இடிக்கும். இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க."

"மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. தண்ணிலதான் போச்சு."

"சரி. அப்ப அதுக்கு ஒரு அடி தண்டம். மேல சொல்லுங்க."

அந்தக் குழியில் இரண்டு அடி போனது. இப்போது இருவரும் சமம். பதினாறாவதில் ஒட்டடைக்குச்சி எப்படியோ ஒன்றைக் குறைத்து முன்னால் வந்தார். மிக்சி தம்பதி கைதட்டினார்கள். பதினேழாவதில் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டு மூன்று தடவை தள்ளினார். மறுபடியும் சமம்.

கடைசிக் குழி. தொப்பைக்காரர் கச்சிதமாக முடித்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஒட்டடைக்குச்சியின் பந்துக்கும் குழிக்கும் நடுவே நான்கடி தூரம் பாக்கி. போட்டால் இருவரும் சமம். மேற்கொண்டு ஆடித் தீர்க்கலாம். போடாவிட்டால் ஒரு அடியில் எல்லாம் போயிற்று. கேமரா தரையோடு தரையாக இறங்கிக் காட்டியது. மேஸ்திரிக்குப் புல்லில் அந்தச் சரிவு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

"வலது பக்கம் வாட்டம். ஒரு நூல்தான். ஆனா இருக்கு. இவரு பார்க்கல. டீச்சரம்மா, இவரு பார்க்கல. அந்தப் பக்கம் போய்க் குந்திப் பாருய்யா! அந்தப் பக்கம் போ!"

மேஸ்திரி ஸ்டூலை விட்டு எழுந்து டிவிக்கு அருகே போய்விட்டார். கண்ணாடித் திரையில் விரலை வைத்து அந்தச் சரிவைக் காட்டினார். மனைவி அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். திரைக்குள் அந்த நெட்டை மனிதர் மட்டையைச் சரி செய்தார். தள்ளினார். பந்து குழியின் வலது விளிம்பைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்து நின்றது.

"போகல" என்றார் மேஸ்திரி.

"போகலயா."

"ஒரு நூல் டீச்சரம்மா."

"அவர் என்ன பண்றாரு?"

"தொப்பியக் கழட்டிட்டாரு. மத்தவருக்குக் கை குடுக்கறாரு. சிரிக்கறாரு. சிரிக்கப் பார்க்கறாரு."

"சரி. நீங்க உக்காருங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு. வீட்டுக்குப் போங்க" என்றார் டீச்சரம்மா. போனை வைக்கும் முன் ஒன்று கேட்டார்: "அந்தச் சரிவு உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்சுதா?"

"சத்தியமா தெரிஞ்சுது."

"பாவம் நீங்க" என்றார்.

அந்த வார்த்தை மேஸ்திரியின் மனதில் வெகு நாள் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை லாரிக்காரர், "எல்லாம் அந்தக் குளத்தால வந்தது. விளையாடற இடத்துல குளத்த யாரு வெட்டச் சொன்னது?" என்று சண்டைக்கு வந்தார். டீச்சரம்மா சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் ஒருக்களித்துச் சாய்ந்த மாதிரியே இருந்தார். அடுத்தடுத்த வாரங்களில் பச்சைகூடத் தெரியவில்லை என்றார். வீட்டில் குளியலறை வாசலில் தடுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. தம்பி வீட்டில் இனி பார்த்துக்கொள்ள முடியாது என்று ஆனது. வெளியூரில் இருந்த மகள் வந்து அழைத்துப் போனாள்.

போகிற அன்றைக்கு மேஸ்திரி, "அங்க டிவி இருக்குமா டீச்சரம்மா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க" என்றார்.

அந்த ஊரில் அவருக்குக் காலையில் சிகிச்சை; ஆட்டம் ஓடுவது மதியம். அடுத்த தடவை படுத்திருக்கும்போது அவர் கேட்கட்டும் என்று மேஸ்திரி போனில் குரலைப் பதிவு செய்து அனுப்பக் கற்றுக்கொண்டார். இடது கை மெஷினோடு கட்டுண்டு கிடக்க, வலது கையில் போனை வாயருகே பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, இன்னிக்கு நல்ல காத்து. கொடியெல்லாம் படபடன்னு அடிச்சுக்குது" என்று ஆரம்பிப்பார். முதலில் உடனுக்குடன் பதில் வந்தது. "இங்க ஆளுக்கு ஒரு டிவி, காதுல மாட்டிக்க ஒண்ணு குடுத்திருக்காங்க. பக்கத்துல இருக்கறவங்க மூச்சு விடறாங்களான்னுகூடத் தெரியல. நேத்து நீங்க பதினொண்ணாவது குழிய விட்டுட்டீங்க, கணக்கு இடிக்குது." அடுத்த மாதம் வாரத்துக்கு ஒரு பதில். அப்புறம் "கேட்டேன்" என்று ஒரே வார்த்தை, மூச்சிரைப்போடு. அப்புறம் அதுவும் இல்லை.

மேஸ்திரி போனை சிஸ்டரிடம் நீட்டினார். "இது போய்ச் சேர்ந்துதா, பாருங்க சிஸ்டர்."

சிஸ்டர் பார்த்தார். "போய்ச் சேர்ந்திருக்கு. இன்னும் கேட்கல."

"அசதியா இருக்கும். கேட்பாங்க" என்றார் லாரிக்காரர்.

மேஸ்திரி அனுப்பிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் ஏதோ ஆகிவிடும் என்று ஒரு பயம். அது என்ன என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஊசி போட்டு இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தபோது போன் அடித்தது. டீச்சரம்மாவின் எண். மேஸ்திரி அவசர அவசரமாக எடுத்தார்.

"டீச்சரம்மா!"

"நான் அவங்க பொண்ணு பேசறேன் சார். அம்மா புதன்கிழமை தவறிட்டாங்க."

டிவியில் யாரோ நடந்துகொண்டிருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்குத்தான் அம்மா போனைத் திறந்தேன். உங்க மெசேஜ் பதினொண்ணு கேட்காம இருக்கு. கடைசில அவங்களால காதுல எதையும் வெச்சுக்க முடியல. இதெல்லாம் என்ன பண்ணட்டும்னு தெரியல, அதான் கேட்கலாம்னு..."

"அழிச்சுடும்மா" என்றார் மேஸ்திரி. குரல் எப்படியோ வந்துவிட்டது. "அதுல ஒண்ணும் இல்ல. வெறும் ஆட்டம்தான்."

"ஒண்ணு மட்டும் கேட்டேன் சார். எனக்கு எதுவும் புரியல. யாரோ மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்றீங்க. அதோட முடிஞ்சுடுது. வெளிய வந்தாங்களா?"

"வந்துட்டாரும்மா. மூணாவது அடில வந்துட்டாரு."

"சரி சார்" என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

மேஸ்திரி போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டார். எழுந்து வெளியே போக வேண்டும் போலிருந்தது. வராந்தாவில் மனைவி உட்கார்ந்திருப்பாள், அவளிடம் சொல்ல வேண்டும். இடது கையை ஒரு அங்குலம் நகர்த்தினால்கூட ஊசி இழுக்கும். கண்ணிலிருந்து வழிந்ததை வலது தோளில் துடைத்துக்கொண்டார்.

"யாருண்ணே போன்ல?" என்றார் லாரிக்காரர்.

மேஸ்திரி சொன்னார்.

லாரிக்காரர் கையை நீட்டிப் பார்த்தார். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே நிற்கிற மெஷினைத் தாண்டி அவர் கை எட்டவில்லை. நீட்டிய கையை அப்படியே தன் தொடைமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காவது நாற்காலியில் போர்வை அசைந்தது. உள்ளேயிருந்து நரைத்த தாடியோடு ஒரு முகம் வெளியே வந்து, "எந்தம்மா? கணக்கு டீச்சரா?" என்று கேட்டது. அந்த முகம் மறுபடியும் உள்ளே போகவில்லை. விட்டத்தைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தது.

சிஸ்டர் வந்து மேஸ்திரியின் மெஷினில் நேரத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது.